ஊருணித் தண்ணீரும் முட்டைப் பூச்சும்: கூழ்மத்தில் பாலிமரும் புரதமும் என்ன செய்கின்றன? படிப்படியாகச் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

மழை பெய்து ஊருணி நிரம்பிய புதிதில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். ஒரு குடம் மொண்டு வந்து வீட்டில் வைத்தாலும் நாலைந்து நாளில் தெளியாது. அதே மண்ணை உப்புத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் கரைத்து வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் மறுநாளே மேல்தண்ணீர் தெளிந்துவிடும். மண் ஒன்றுதான், தண்ணீர்தான் வேறு. கலங்கல் நிற்பதும் படிவதும் மண்ணின் எடையை மட்டும் பொறுத்ததல்ல என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

குழாய் வருவதற்கு முன்பு செட்டிநாட்டுக் கிராமங்களில் குடிதண்ணீர் என்றால் ஊருணிதான். அந்தத் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளிய வைத்தார்கள். அதே ஊர்களில் வீட்டுச் சுவருக்கான சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பளபளவென்று பூசினார்கள். கொட்டையில் இருப்பது நீளமான சர்க்கரைத் தொடர், முட்டையில் இருப்பது புரதம். இரண்டும் பெரிய மூலக்கூறுகள். இரண்டும் வேலை பார்த்தது கூழ்மத்தில், அதாவது நுண்துகள்கள் கரையாமலும் படியாமலும் மிதந்து நிற்கும் கலவையில்.

பிளஸ் டூ, கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும், கண்காட்சிக்கு ஏதாவது புதிதாகச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் ‘திரிந்து வீழ்தல்’ (துகள்கள் திரண்டு படிவது) ஒரு தலைப்பில் வரும், ‘பாதுகாப்புக் கூழ்மம்’ (துகள்கள் திரளாமல் காப்பது) இன்னொரு தலைப்பில் வரும். படிப்பவருக்கு இரண்டும் வேறு வேறு பொருள்களின் குணம் என்றே தோன்றும். அப்படி இல்லை. ஒரே பாலிமர், அதாவது சிறு அலகுகள் கோத்த நீள மூலக்கூறு, துகள்களைப் பிரித்துக் காக்கவும் செய்யும், சேர்த்து வீழ்த்தவும் செய்யும். எவ்வளவு போட்டோம், எந்தத் தண்ணீரில் போட்டோம், எந்த வரிசையில் போட்டோம் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் சோதனைகள் எல்லாமே இதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான்.

முதலிலேயே ஒன்று: இந்தச் சோதனைத் தண்ணீர் எதையும் குடிக்க வேண்டாம். தெளிந்த தண்ணீர் வேறு, கிருமி இல்லாத தண்ணீர் வேறு.

என்னென்ன வேண்டும்

ஒரே அளவுள்ள, நிறமில்லாத ஒரு லிட்டர் பாட்டில்கள் ஆறு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கண்ணாடி ஜாடிகள் ஒரே மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டில் பார்க்கச் சௌகரியமாக இருக்கும். ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, சமையலறைத் தராசு, சிவப்பு லேசர் விளக்கு, பழைய வேட்டித் துணி. முற்றிக் காய்ந்த முருங்கை நெற்றிலிருந்து எடுத்த விதை. நாட்டு மருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை, படிகாரம், கருவேலம் பிசின். அப்புறம் கல்லுப்பு, பால், எலுமிச்சை, முட்டை, நீற்றிய சுண்ணாம்பு.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். போர்வெல் தண்ணீரில் செய்தால் எதுவும் சேர்க்காத பாட்டிலும் தானே தெளிந்துவிடும், சோதனைக்கே அர்த்தம் இருக்காது.

படி 1: கலங்கலைத் தயார் செய்யுங்கள்

ஒரு வாளியில் ஏழெட்டு லிட்டர் தண்ணீர் எடுத்து இரண்டு கைப்பிடி செம்மண்ணைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மணலும் பொடிக்கல்லும் அடியில் போய்விடும். மேலே இருக்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாப் பாட்டிலுக்கும் இப்படித் தயாரித்த கலங்கல்தான்.

லேசர் ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தினால் அதன் பாதை தண்ணீருக்குள் பளிச்சென்று தெரியும். இதுதான் டிண்டால் விளைவு. (லேசரை யார் கண்ணிலும் காட்டக்கூடாது, பிள்ளைகள் இருந்தால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.) உப்புக் கரைசலில் இந்தப் பாதை தெரியாது. கரைந்தது எது, மிதப்பது எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட மலிவான கருவி இல்லை.

இந்தத் துகள்கள் ஏன் இறங்கவில்லை? ஒரு கணக்குப் போடலாம். ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள களிமண் துகள், நம் ஊர் வெப்பநிலையில் 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். விட்டம் ஐந்தில் ஒரு பங்கானால் நேரம் 25 மடங்கு. இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வரும் வித்தியாசம் இது. ஆக, தண்ணீர் தெளிய ஒரே வழிதான் உண்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக வேண்டும். அவை ஓயாமல் அலைகின்றன, மோதுகின்றன, ஆனால் ஒட்டுவதில்லை. காரணம் மின்சுமை. களிமண் துகளின் பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. அதைச் சுற்றி நேர்மின் அயனிகள் ஒரு மேகமாகக் கூடி நிற்கும். இதை மின்னிரட்டை அடுக்கு என்பார்கள். இரண்டு துகள்கள் நெருங்கும்போது இந்த மேகங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

மின்னிரட்டை அடுக்கு மின்வேதியியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தத் துறையில் முதல் அடியை ஊருணிக் கரையிலேயே எடுத்து வைக்கலாம்.

படி 2: பாலிமருக்கு முன்னால் உப்பு

நேராகப் பாலிமருக்குப் போகாதீர்கள். உப்பு என்ன செய்கிறது என்று பார்க்காமல் பாலிமர் என்ன செய்கிறது என்று சொல்ல முடியாது.

மூன்று பாட்டில்களில் கலங்கலை நிரப்புங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். இரண்டாவதில் 6 கிராம் கல்லுப்பு. மூன்றாவதில் படிகாரத்தை விரல்நுனி அளவு பொடித்துப் போடுங்கள். நன்றாகக் கலக்கிவிட்டு வையுங்கள். படிகாரப் பாட்டில் சீக்கிரமே தெளியத் தொடங்கும். உப்புப் பாட்டில் மெதுவாக, சில மணி நேரத்தில். முதல் பாட்டில் அப்படியே நிற்கும்.

மழைத்தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு. அதனால் மின்மேகம் பத்து நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அல்லது அதற்கு மேலும் விரிந்து நிற்கும். லிட்டருக்கு 6 கிராம் உப்புப் போட்டதும் அது ஒரு நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். தள்ளும் விசை எட்டும் தூரம் குறைந்துவிடுவதால் துகள்கள் மிக நெருங்கிவிடுகின்றன. அந்த நெருக்கத்தில், மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாக உள்ள வான்டர் வால்ஸ் ஈர்ப்பு பிடித்துக்கொள்கிறது. தள்ளுவதையும் இழுப்பதையும் கூட்டிப் பார்க்கும் இந்தக் கணக்கை ரஷ்யாவில் தெர்யாகினும் லண்டாவும் 1941-இலும், நெதர்லாந்தில் வெர்வேயும் ஓவர்பேக்கும் 1948-இலும் எழுதினார்கள். நால்வர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.எல்.வி.ஓ. கொள்கை என்கிறோம்.

படிகாரம் அவ்வளவு குறைவாகப் போதுவதற்குக் காரணம் அலுமினியத்தின் மூன்று நேர்மின்சுமை. அயனியின் எதிர்ச்சுமை கூடக் கூட, துகள்களை வீழ்த்தக் குறைந்த அளவே போதும் என்று ஹார்டி–சூல்ஸ் விதி சொல்வதும் அதுதான். கூடவே அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறி, கொழகொழவென்று துகள்களை வாரிக்கொண்டும் இறங்குகிறது.

போர்வெல் தண்ணீர் ஏன் தானே தெளிகிறது என்பதற்கும் இங்கே விடை வந்துவிட்டது. அதில் ஏற்கனவே கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. ஊருணித் தண்ணீர் கலங்கியே கிடப்பதற்குக் காரணம் அதன் மென்மைதான். சமைக்கவும் குடிக்கவும் எது அதன் சிறப்போ, அதுவே அதைத் தெளியவிடாமலும் செய்கிறது.

படி 3: முருங்கை விதை – நேர்மின்சுமை கொண்ட புரதம்

இந்தப் படிக்கு ஒரு முழு மதியத்தை ஒதுக்குங்கள்.

விதையின் பழுப்பு ஓட்டையும் சிறகையும் நீக்கினால் வெள்ளைப் பருப்பு வரும். நிறம் மாறிய, சுருங்கிய பருப்பை ஒதுக்கிவிடுங்கள். பச்சைக் காயின் விதை உதவாது, மரத்திலேயே காய்ந்த நெற்றாக இருக்க வேண்டும். 2 கிராம் பருப்பை நைசாக அரைத்து, 200 மி.லி. தண்ணீரில் ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பால் நிறத்தில் ஒரு கரைசல் வரும். இதில் ஒரு மி.லி. என்பது 10 மி.கி. விதைக்குச் சமம். அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், புரதம் நின்றால் கெடும்.

ஆறு பாட்டில்களிலும் ஒரு லிட்டர் கலங்கல் எடுத்து முறையே 0, 2, 5, 10, 20, 50 மி.லி. விதைக்கரைசல் விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள், பிறகு பத்து நிமிடம் மிக மெதுவாக. வேகமாகக் கலக்குவது புரதம் எல்லா இடத்துக்கும் பரவ. மெதுவாகக் கலக்குவது துகள்கள் சந்திக்க. இந்த இரண்டாவது பகுதியில் அவசரப்பட்டால் சேர்ந்த திரள்களை நாமே உடைத்துவிடுவோம்.

இப்போது பாட்டிலுக்குப் பின்னால் வெளிச்சம் வரும்படி வைத்து உற்றுப் பாருங்கள். முதலில் எதுவும் நடக்காது. பிறகு சீரான கலங்கலில் மெல்லிய பொடி தட்டும். நிறம் ஒரே மாதிரி இல்லாமல் மணல்மணலாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொடிகளுக்கு இடையே தெளிந்த தண்ணீர் தெரியத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் கலக்குவதை நிறுத்திவிட்டு, ஒன்று இரண்டு மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பின்னால் ஒரு செய்தித்தாளை வைத்து, எந்த அளவு எழுத்து வரை படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கலங்கல் மானி இல்லாதவர்களுக்கு இது போதும்.

கலங்கலின் அடர்த்தியைப் பொறுத்து நடுவில் ஏதோ ஒரு பாட்டில்தான் நன்றாகத் தெளிந்திருக்கும். குறைவாகப் போட்டது தெளியாது, மிக அதிகமாகப் போட்டதிலும் தெளிவு குறையத் தொடங்கும். மாணவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

விதையில் வேலை செய்வது ஒரு சிறிய புரதம். அதன் மூலக்கூறு எடை ஏறக்குறைய 6,500 முதல் 13,000 டால்டன் வரை (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய ஒரு டால்டன்) என்று அளந்திருக்கிறார்கள். அமினோ அமிலங்களில் ஆர்ஜினின் நிறைய உண்டு. அதனால் அதன் சமமின்புள்ளி 10-க்கு மேல். சமமின்புள்ளி என்பது புரதத்தின் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சமமாகிப் போகும் பிஹெச் (அமில, கார அளவு). தண்ணீரின் பிஹெச் அதைவிடக் குறைவாக இருந்தால் புரதம் நேர்மின்சுமையோடு இருக்கும். ஊருணித் தண்ணீர் 7 சுற்றி இருப்பதால் முருங்கைப் புரதம் நல்ல நேர்மின்சுமையோடு வந்து, எதிர்மின்சுமையுள்ள களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது. துகளின் சுமை அடங்குகிறது. தள்ள ஆளில்லாததால் துகள்கள் ஒட்டுகின்றன. கொஞ்சம் கூடுதலாகப் போட்டால்? துகளின் மேல் புரதம் நிறைந்து, இப்போது எல்லாத் துகளும் நேர்மின்சுமை கொண்டவையாக மாறி மறுபடி தள்ளத் தொடங்கும். அதோடு விதையிலிருந்து வந்த மற்றப் பொருள்களும் தண்ணீரைக் கொஞ்சம் மங்கலாக்கும்.

இரண்டு நுணுக்கங்கள். விதையைத் தண்ணீருக்குப் பதில் உப்புக் கரைசலில் குலுக்கி எடுத்தால் இன்னும் அதிகப் புரதம் கரைந்து வரும், குறைந்த அளவே போதும். இன்னொன்று, லேசான கலங்கலில் முருங்கை விதை அவ்வளவாக வேலை செய்யாது. துகள்கள் குறைவாக இருந்தால் சந்திப்பதும் குறைவுதானே.

சூடானில் நைல் ஆற்றுத் தண்ணீரை முருங்கை இன விதை கொண்டு கிராமத்துப் பெண்கள் தெளிய வைத்து வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நவீன ஆய்வுகள் வேகம் பிடித்தன. ஆனால் இதை அதிசய மருந்தாக்கிப் பரப்புகிற பேச்சுகளை நம்பாதீர்கள். மண்ணோடு சேர்ந்து கிருமிகளில் பெரும்பகுதியும் அடியில் போகும், எல்லாம் போகாது. விதையின் கரிமப் பொருள் தண்ணீரில் மிஞ்சுவதால், வைத்திருந்தால் கிருமி மறுபடி பெருகவும் செய்யும். கொதிக்க வைக்காமல் அது குடிதண்ணீர் ஆகாது.

படி 4: தேத்தாங்கொட்டை – நீளத்தால் வேலை செய்வது

கலங்கிய நீர் இந்த விதையால் தெளிவது சங்கப் பாட்டிலேயே உவமையாக வருகிறது. கொட்டையை ஈரமான கல்லில் சந்தனம் உரைப்பதைப்போல் உரைத்து, அந்த விழுதைக் கலங்கலில் கரைக்க வேண்டும். பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. மூன்று பாட்டில்களில் வெவ்வேறு அளவு விழுது கலந்து, முன்போலவே கலக்கிப் பாருங்கள். இங்கே திரள்கள் பெரும்பாலும் பெரிதாக, தளர்வாக இருக்கும்.

இதில் முக்கியமாக வேலை செய்வதாகச் சொல்லப்படுவது காலக்டோமன்னன், காலக்டன் எனும் சர்க்கரைத் தொடர்கள். ஆயிரக்கணக்கான சர்க்கரை அலகுகள் கோத்த நீள மூலக்கூறு தண்ணீரில் நேராக நிற்காது. கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியடியில் பிரிந்து கிடக்கும் நூல் சிக்கலைப்போல் தளர்ந்து சுருண்டு, பல பத்து நானோமீட்டர் அளவுக்கு விரிந்து கிடக்கும். அந்தச் சிக்கலின் ஒரு பகுதி ஒரு துகளில் ஒட்டும், தொங்கும் முனை மின்மேகத்தைத் தாண்டி வெளியே நீட்டி நிற்கும். பக்கத்துத் துகள் வரும்போது அந்த முனை அதில் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பாலம் கட்டித் திரட்டுதல் என்று பெயர். முருங்கைப் புரதம் சுமையை அடக்கியது, இது சுமை இருக்கும்போதே எட்டிப் பிடிக்கிறது. தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் இருந்தால் இந்தப் பிடி இன்னும் எளிது.

பாலம் கட்ட, துகளின் பரப்பில் பாலிமர் ஒட்டிய இடமும் இருக்க வேண்டும், வெற்றிடமும் இருக்க வேண்டும். பாதி மூடியிருக்கும்போதுதான் திரட்டல் உச்சத்தில் இருக்கும் என்று லமேரும் ஹீலியும் கணக்கிட்டுக் காட்டினார்கள். முழுதும் மூடிவிட்டால் நீட்டிய முனை ஒட்ட இடமில்லை. நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களில் பாலிஅக்ரிலமைடைச் சொட்டுச் சொட்டாக, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகக்கூடச் சேர்ப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. அதிகம் போட்டால் காரியம் கெட்டுவிடும்.

படி 5: அதே பாலிமர், இப்போது காவலுக்கு

முழுதும் மூடினால் ஒட்ட இடமில்லை என்றோம். அதையே வேண்டும் என்று செய்தால் அது பாதுகாப்பு.

நல்லெண்ணெய் விளக்கின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்துக் கரி எடுங்கள். ஒரு கிண்ணத்தில் கரியை வெறும் தண்ணீரோடும், இன்னொன்றில் ஊறிய கருவேலம் பிசின் கரைசலோடும் நன்றாகக் குழைத்துத் தேயுங்கள். முதலாவதில் கரி கட்டி கட்டியாக மிதக்கும். இரண்டாவது மை ஆகிவிடும். இரண்டையும் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து உப்புப் போடுங்கள். பிசின் கலந்தது உப்புக்கு அசையாது. பழைய காலத்து எழுது மை இப்படித்தான்.

கருவேல இன மரங்களின் பிசினான அரபிக் கோந்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது சுவையானது. அது பெரும்பாலும் சர்க்கரைத் தொடர்தான், நூற்றில் இரண்டு பங்கு மட்டும் புரதம். ஆனால் அந்தப் புரதப் பகுதிதான் துகளின் பரப்பில் நங்கூரம் போடுகிறது. கிளை விரித்த சர்க்கரைத் தொடர்கள் தண்ணீருக்குள் நீண்டு, இன்னொரு துகள் நெருங்கவிடாமல் இடத்தை அடைத்து நிற்கின்றன. இது மின்சுமையால் வந்த காவல் அல்ல என்பதால் உப்பு இதைக் கலைக்க முடியவில்லை. நம்மூர்க் கருவேலம் பிசினும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

மைக்கேல் ஃபாரடே 1857-இல் சிவப்பு நிறத் தங்கக் கூழ்மத்தைப் பற்றி எழுதியபோதே, உப்புப் போட்டால் அது நீலமாவதையும், ஜெலட்டின் இருந்தால் அப்படி மாறாததையும் பார்த்துவிட்டார். 1901-இல் வேதியியலாளர் ஜிக்மாண்டி இதையே அளவாக்கினார். 10 மி.லி. சிவப்புத் தங்கக் கூழ்மத்தில் 1 மி.லி. 10 சதவீத உப்புக் கரைசல் விடும்போது நிறம் மாறாமல் காக்க எத்தனை மி.கி. பாலிமர் வேண்டும் என்பதே தங்க எண். ஜெலட்டினுக்கு 0.005 முதல் 0.01, அரபிக் கோந்துக்கு 0.15 முதல் 0.25, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கு 25. எண் குறையக் குறையக் காவல் பலம் என்பதைத் தேர்வில் தலைகீழாக எழுதுகிறவர்கள் நிறைய.

ஜெலட்டின் கிடைத்தால் செம்மண் கலங்கலிலும் செய்து பாருங்கள். வெந்நீரில் கரைத்த ஒரு கிராம் ஜெலட்டினை ஒரு லிட்டர் கலங்கலில் முதலில் கலந்து, அரை மணி நேரம் கழித்து உப்புப் போடுங்கள். இன்னொரு பாட்டிலில் சில மில்லிகிராம் ஜெலட்டின் மட்டும், அப்புறம் உப்பு. முதலாவது காக்கப்படும். இரண்டாவது வெறும் உப்புப் பாட்டிலைவிட வேகமாகப் படியக்கூடும். பொருளும் அதுதான், துகளும் அதுதான், போட்ட அளவு மட்டும் மாறியது. உப்பை முதலில் போட்டுவிட்டு ஜெலட்டினைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று மாணவர்களே யூகித்துச் செய்யட்டும்.

படி 6: பால் – புரதமே துகளாகும்போது

இதுவரை துகள் வேறு, பாலிமர் வேறு. பாலில் புரதமே துகள். கேசின் புரதங்கள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து, சராசரியாக 150 முதல் 200 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக மிதக்கின்றன. உருண்டையின் வெளிப்புறத்தில் கப்பா கேசின் என்ற வகை மயிர்க்கால் விட்டு நிற்கிறது. படி 5-இல் நாம் பிசினால் செய்த காவலைப் பசு தானே செய்து அனுப்புகிறது.

நாலு பங்கு தண்ணீர் விட்ட பாலை மூன்று டம்ளரில் எடுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி உப்பு, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்று சும்மா. களிமண்ணை வீழ்த்திய அதே அளவு உப்பு பாலை ஒன்றும் செய்யாது. எலுமிச்சை திரித்துவிடும். பாலின் பிஹெச் 6.6 சுற்றி இருக்கும். கேசினின் சமமின்புள்ளி 4.6. அங்கே போனதும் சுமை போய், மயிர்க்கால்கள் படுத்துவிடுகின்றன. சீஸ் செய்பவர்கள் வேறு வழியில் போகிறார்கள். ரென்னட் நொதி அந்த மயிரை நறுக்கிவிடுகிறது, புளிப்பே இல்லாமல் பால் உறைகிறது. பால் கொள்முதல் நிலையங்களில் செய்யும் ஆல்கஹால் சோதனையும் இதே இடத்தைத்தான் தொட்டுப் பார்க்கிறது. புளிக்கத் தொடங்கிய பாலின் காவல் ஏற்கனவே தளர்ந்திருக்கும், ஆல்கஹால் பட்டதும் திரிந்துவிடும்.

எலுமிச்சை விட்டால் பால் திரிகிறது, உறை ஊற்றினால் தயிராகிறது. இரண்டிலும் பிஹெச் போய் நிற்பது ஏறக்குறைய ஒரே இடத்தில். வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. சட்டென்று சுமை போனால் துகள்கள் கண்டபடி ஒட்டிக் கட்டியாகும். மெதுவாகப் போனால் வலையாகக் கோத்துத் தண்ணீரையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாவதற்கும் புரதமே காரணம். சூட்டில் மோர்ப்புரதங்கள் (பாலில் கேசின் அல்லாத புரதங்கள்) மடிப்பவிழ்ந்து கேசின் உருண்டைகளில் ஒட்டிக்கொள்வதால் வலை பலப்படுகிறது. கேசின் மட்டும் கொதிக்கும் சூட்டுக்கு அசருவதில்லை.

ஒட்டாத பாலிமர் – ஒரு சின்ன விலகல்

துகளில் ஒட்டவே ஒட்டாத பாலிமரும் துகள்களைச் சேர்க்கும். ரப்பர்ப் பாலைக் கெட்டியாக்க ஆல்ஜினேட்டோ புளியங்கொட்டை மாவோ கலந்து வைப்பார்கள், ரப்பர்த் துகள்கள் மேலே ஏறி ஏடாகத் திரளும். இரண்டு துகள்கள் மிக நெருங்கும்போது அவற்றின் இடுக்கில் பாலிமர்ச் சுருள் நுழைய முடியாது. வெளியே இருக்கும் சுருள்களின் சவ்வூடு அழுத்தம் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. ஜப்பானின் அசகுராவும் ஊசாவாவும் 1954-இல் தந்த விளக்கம் இது. வீட்டில் செய்து காட்ட எளிய வழி இல்லை என்பதால் இதற்குத் தனிப் படி வைக்கவில்லை.

படி 7: முட்டையும் சுண்ணாம்பும்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். நீற்றி, நாள்பட ஊறவைத்து, நன்றாக அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம் அல்லது கருப்பட்டி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. சுண்ணாம்பு மாறினால் அளவும் மாறத்தான் வேண்டும்.

வெள்ளைக்கருவில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர், பத்துப் பங்குக்குக் கொஞ்சம் மேல் புரதம். அதில் பாதிக்கு மேல் ஓவால்புமின் என்ற புரதம். சுண்ணாம்பு நீரின் பிஹெச் 12-க்கு மேல். அந்தக் காரத்தில் முட்டைப் புரதங்கள் எதிர்மின்சுமையோடு மடிப்பவிழ்ந்து விரிகின்றன. கால்சியம் அயனிகள் அவற்றைக் கோக்கின்றன, சுண்ணாம்புத் துகளின் பரப்பிலும் ஒட்ட வைக்கின்றன. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு கால்சியம் கார்பனேட் படிகம் வளரும்போது, பரப்பில் இருக்கும் புரதம் அதைப் பெரிதாகவிடாமல் சிறு படிகங்களாக நிறுத்துகிறது. சீனாவில் பழைய கோட்டைச் சுவர்ச் சாந்தில் ஒட்டரிசிக் கஞ்சி கலந்தார்கள். அங்கே இதே வேலையை அரிசியின் அமைலோபெக்டின் எனும் சர்க்கரைத் தொடர் செய்தது. வெல்லம் சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைத்து, இறுகுவதைத் தாமதப்படுத்தும்.

செய்து பார்க்க: கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சுண்ணாம்பு விழுதை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒன்று வெறும் விழுது. ஒன்றில் நூறு கிராமுக்கு ஒரு தேக்கரண்டி வெள்ளைக்கரு. மூன்றாவதில் அதைப்போல் நாலு மடங்கு. வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்காமல், துணியில் பிழிந்து கலக்குங்கள். நுரைத்தால் புரதம் காற்றுக்குமிழியின் பரப்புக்குப் போய்விடும், பூச்சில் பொத்தல் விழும். மஞ்சள்கரு கலக்கக்கூடாது. சொரசொரப்பான ஓட்டுத் துண்டை நனைத்து, அதன்மேல் மெல்லியதாகப் பூசி, பாதி காய்ந்ததும் வழவழப்பான கூழாங்கல்லால் தேயுங்கள்.

நிழலில் குறைந்தது மூன்று நான்கு வாரம் விடுங்கள், அதற்கு முன் சோதிப்பதில் பயனில்லை. பிறகு மூன்றிலும் சிரிஞ்சால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் வைத்து, உறிஞ்ச எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். ஈரவிரலால் தேய்த்து எதில் வெள்ளை ஒட்டுகிறது என்றும் குறியுங்கள். நாலு மடங்கு வெள்ளைக்கரு கலந்த துண்டில் வெடிப்பும் நாற்றமும் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கண்காட்சியில் நடுவர்கள் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.